ஒரு குறுவைக் கால இளமை

மணிமேகலையில் பெயரில்லாத ஒரு கிழவி வருகிறாள். காயசண்டிகையின் உருவத்தில் இருக்கும் மணிமேகலையை அடையாளம் கண்டுகொண்டு உதயகுமரன் பின்தொடர்கிறான். அவனுக்கு உடம்பின் நிலையாமையைச் சொல்ல மணிமேகலை அங்கிருந்த நரைத்த கிழவியைக் காட்டுகிறாள். கூந்தல், நெற்றி, புருவம், கண், மூக்கு என்று ஒவ்வோர் உறுப்பும் அன்று எப்படி இருந்தது, இன்று எப்படிக் கெட்டது என்று சொல்லிக்கொண்டே போகிறாள். புருவத்துக்கு அவள் தரும் உவமை, காய்ந்த இறால்.

இந்தப் பகுதியைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். தேர்வுக்கு நிலையாமைக் கொள்கையும் உவமை நயமும் போதும். அந்தக் கிழவி அப்போது என்ன செய்தாள் என்று எந்த வினாத்தாளும் கேட்டதில்லை. சாத்தனார் அவளுக்கு ஒரு வரிகூடப் பேசத் தரவில்லை. ஓர் இளம்பெண் ஓர் இளைஞனுக்குத் தத்துவம் சொல்ல, மூன்றாவதாக ஒருத்தியின் முகம் காட்சிப் பொருளாகிறது. இதே உத்தி பாலி மொழியின் தேரிகாதையிலும் உண்டு. அங்கே வைசாலியின் கணிகையாக இருந்து பிக்குணியான அம்பபாலி தன் தலைமுடியையும் கண்ணையும் கழுத்தையும் தானே வரிசையாகச் சொல்கிறாள். உறுப்புகள் ஏறக்குறைய அவையேதான், சொல்கிறவள்தான் வேறு. என் முகம் இப்படி ஆயிற்று என்று ஒருத்தி சொல்வதும், அவள் முகத்தைப் பார் என்று இன்னொருத்தி விரல் நீட்டுவதும் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை.

அன்று, இன்று என்று ஒரே முகத்தை இரண்டாக வெட்டிக் காட்டும் அந்த வடிவம் இப்போது தஞ்சாவூர்த் தெருக்களில் ஃப்ளெக்ஸ் பலகையாகத் தொங்குகிறது. இடப்பக்கம் சுருக்கமும் கருமையுமாக ஒரு முகம், வலப்பக்கம் துடைத்துவிட்ட தாம்பாளம்போல் அதே முகம். அறுவை சிகிச்சை கிடையாது, கத்தி கிடையாது, மதிய உணவு இடைவேளையில் முடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். போட்டாக்ஸ், ஃபில்லர், கெமிக்கல் பீல், லேசர், நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி ஊசியால் முகத்தில் ஏற்றும் பி.ஆர்.பி., கொரியாக்காரர்களின் கண்ணாடித் தோல். முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பெண்ணுக்கு ஒரு பேக்கேஜ், பெண்ணின் அம்மாவுக்கு ஒரு பேக்கேஜ். எல்லாவற்றையும் விளக்க எனக்குப் பொறுமை இல்லை. போட்டாக்ஸைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேசலாம்.

அந்த நஞ்சை முதலில் விரிவாக எழுதி வைத்தவர் ஒரு கவிஞர். ஜெர்மனியின் யுஸ்டினுஸ் கெர்னர் மருத்துவரும்கூட. கெட்டுப்போன தொத்திறைச்சியைத் தின்றவர்கள் கண்ணிமை தொங்கி, நாக்கு உலர்ந்து, மூச்சடங்கிச் செத்ததை 1820களில் பதிவு செய்தார், அந்த நஞ்சைத் தன் உடம்பிலேயே சோதித்தும் பார்த்தார். நரம்பு தசைக்கு அனுப்பும் சேதியை அது தடுத்துவிடும். இதையே மிகச் சிறிய அளவில் கொடுத்து மாறுகண்ணுக்கும் ஓயாத இமைத் துடிப்புக்கும் மருந்தாக்க 1989-இல் அமெரிக்கா அனுமதித்தது. அதனால் பார்வை மீண்டவர்கள் உண்டு, அந்தப் பயனில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. கனடாவில் கண் மருத்துவர் ஜீன் கருதர்ஸிடம் இமைத் துடிப்புக்கு ஊசி போட்டுக்கொண்ட ஒரு பெண், நெற்றிச் சுருக்கமும் மறைகிறது என்று கவனித்துச் சொன்னாள். அழகுக்காக முதலில் ஊசி வாங்கிக்கொண்டவர்களில் ஒருத்தி அவர்கள் கிளினிக்கின் வரவேற்புப் பெண். 2002-இல் அமெரிக்கா அழகுக்கென்று முதலில் அனுமதித்த இடம் இரு புருவங்களுக்கு நடுவே விழும் கோடு.

நம் முகத்தில் அது கோபத்தின் இடம். தொல்காப்பியர் எண்ணும் மெய்ப்பாடுகள் எட்டில் வெகுளியும் ஒன்று. மனத்தில் தோன்றியது மெய்யில் படுவதால்தான் அதற்கு மெய்ப்பாடு என்று பெயர். வெகுளி மனத்தில் எழுந்தும் மெய்யில் படாமல் நிறுத்திவைக்கிறது இந்த ஊசி. பெண் சற்றே புருவத்தை நெரித்தாலே “மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா” என்று சொல்லும் ஊரில் இதற்கு மவுசு வருவதில் வியப்பென்ன? விளம்பரங்கள் அந்தக் கோட்டைக் களைப்பு என்கின்றன, சிடுசிடுப்பு என்கின்றன. எதனால் களைப்பு, யார்மேல் சிடுசிடுப்பு என்று ஒரு விளம்பரமும் கேட்பதில்லை.

இப்படிச் சொல்லும்போது பாலசரஸ்வதியின் முகம் எனக்கு நினைவுக்கு வருகிறது. தஞ்சை அரண்மனையில் ஆடிப் பாடிய பாப்பம்மாளின் வழியில் வந்தவர். சத்யஜித் ராய் 1976-இல் ‘பாலா’ என்ற ஆவணப்படத்தை எடுத்தபோது அவருக்கு வயது 58 இருக்கும். கனத்த உடம்பு, தளர்ந்த கன்னம். கடற்கரைக் காற்றில் புடவை பறக்க, கண்ணனை வா என்று அழைக்கிறார். புருவம் ஏறி இறங்க, நெற்றியில் கோடு விழுந்து விழுந்து கலைகிறது. அந்தக் கோடுகள் இல்லாமல் அந்த அபிநயம் இல்லை. ராய் அவரை முன்பே, இளமையில் படம் பிடித்திருக்க வேண்டும் என்று அங்கலாய்ப்பவர்கள் உண்டு. எனக்கு இந்த முகமே போதும்.

விலைக்கு வருவோம். புருவ நடுக் கோட்டுக்கு ஐந்து குத்தில் மொத்தம் 20 யூனிட் என்பது வழக்கமான அளவு. நம் பக்கத்தில் ஒரு யூனிட் முந்நூறு, நானூறு, அதற்கு மேலும் போகிறது. 2024-25-இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த நாட்கூலி 319 ரூபாய். ஏரி தூர்வாரும் பெண்ணின் ஒரு நாள், ஒரு யூனிட். புருவத்துக்கு நடுவில் இருபது நாள். அது தாங்குவது மூன்று முதல் நான்கு மாதம், அதாவது மேட்டூர் திறந்து விதைத்த குறுவை அறுவடைக்கு வரும் காலம். பிறகு மறுபடி முதலிலிருந்து.

நடவு நடும் பெண்கள் அந்த கிளினிக் படியேறுவதில்லை. அவர்களுக்கு மருந்துக்கடை இருக்கிறது. சேற்றுத் தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயிலில் காலை முழுக்கக் குனிந்து நிற்பவர்களுக்குக் கன்னத்தில் மங்கு விழும். பிள்ளைப்பேறும் அதைக் கூட்டும். மங்குக்கு என்று கேட்டால் ஒரு சின்ன டியூபை எடுத்து வைப்பார்கள். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு வாரத்தில் முகம் வெளுக்கும், பக்கத்து வீட்டுக்காரி பெயர் கேட்டு எழுதிக்கொள்வாள். மாதக்கணக்கில் தொடர்ந்தால் தோல் மெலிந்து சிவந்து, ரத்தக் குழாய் தெரியும், மேலுதட்டில் முடி வளரும். நிறுத்தினால் எரியும், அதனால் நிறுத்தவும் முடியாது. தோல் மருத்துவர்கள் ஆண்டுக்கணக்காகக் கத்திய பிறகு 2018-இல் இந்த ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவிட்டது. உத்தரவு டெல்லியில் இருக்கிறது, டியூப் கடைத்தெருவில் இருக்கிறது. பாதரசம் கலந்த வெளுப்புக் களிம்புகள் இதைவிட மோசம். கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்துக் கோட்டக்கல் மருத்துவமனைக்குச் சிறுநீரில் புரதம் இறங்கி வந்த பலரை 2023-இல் விசாரித்தபோது, அவர்கள் முகத்துக்கு அப்படிப்பட்ட களிம்பு போட்டு வந்தது தெரிந்தது. பூசியது முகத்தில், கெட்டது சிறுநீரகம். 1975-இல் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020-இல் தன் பெயரிலிருந்து வெண்மையை எடுத்துவிட்டது. கடைகளில் இன்னமும் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

“என் முகம், என் பணம், என் விருப்பம், உங்களுக்கென்ன?” என்று கேட்கும் தோழிகள் எனக்கு உண்டு. அவர்களில் ஒருத்தி பள்ளி ஆசிரியை, ஊசி போட்டுக்கொண்டவள், அதைச் சொல்லவும் கூசாதவள். அவளைக் கேலி செய்யும் பெண்ணியம் எனக்கு வேண்டாம். மஞ்சள் பூசக் கூடாது, பூ வைக்கக் கூடாது என்று கைம்பெண்களின் முகத்தைக் காவல் காத்த ஊர் இது. முகத்துக்கு எதைச் செய்யலாம் என்று பெண்ணே முடிவு செய்வது இங்கே சின்ன விஷயமில்லை. ஆனாலும் அவளிடம் நான் கேட்பதுண்டு: உன் வீட்டுக்காரர் நெற்றியிலும் அதே கோடுதானே, அவர் ஏன் போகவில்லை? அதைப் பார்த்து அனுபவஸ்தர் என்று தலைமையாசிரியர் நாற்காலி கொடுத்தார்கள் என்கிறாள் அவள்.

புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் என்ற கிழவர், மரக்கிளையிலிருந்து ஆழ்மடுவில் குதித்த தன் சிறுவயதை எண்ணித் தானே ஏங்குகிறார். ஆணின் முதுமைக்கு நாக்கு உண்டு. கிழவிகளும் அங்கே உண்டு. பூங்கணுத்திரையார் பாட்டில் மீன் தின்னும் கொக்கின் இறகுபோல நரைத்தவள் வருகிறாள். நம் வயல்களைப் பார்த்தவர்களுக்கு அந்த வெண்மை உடனே பிடிபடும். நச்செள்ளையார் பாட்டில் நரம்பு புடைத்துத் தோள் வற்றியவள் வருகிறாள். இரண்டையும் எழுதியவர்கள் பெண்கள், இரண்டிலும் அருவருப்பு துளியும் இல்லை. ஆனால் இரண்டு கிழவிகளும் பாட்டுக்குள் நுழையக் கொடுத்த விலை, போரில் செத்த மகன். பிள்ளையைக் களத்துக்கு அனுப்பாத கிழவியின் நரையை யாரும் பாடியதாகத் தெரியவில்லை.

விலை கொடுக்காமல் நுழைந்தவள் காரைக்காலம்மையார்தான். வணிகன் மனைவி புனிதவதி, கணவன் தன்னைத் தெய்வம் என்று விலகிப்போன பின், அவனுக்காகத் தாங்கிய இந்தத் தசை இனி வேண்டாம் என்று வேண்டிப் பேயுரு பெற்றாள் என்கிறார் சேக்கிழார். உரையாசிரியர்கள் அதைத் துறவு என்று முடித்துவிடுகிறார்கள். கணவன் போனால் முகமும் போக வேண்டுமா என்று நான் முதலில் எரிச்சலோடுதான் படித்தேன். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் அவள் விலா எலும்பு தெரிய, முலை வற்றித் தொங்கக் கையில் தாளத்துடன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகு எரிச்சல் குறைந்தது. அந்த முகத்தில் சிரிப்பு இருக்கிறது, யாரையும் பார்த்துச் சிரிப்பதாகவும் இல்லை. காரைக்கால் மாங்கனித் திருவிழாவில் புனிதவதிக்கு ஆண்டுதோறும் திருக்கல்யாணம் நடக்கிறது. அவள் உதறியதை ஊர் வருடா வருடம் எடுத்து மாட்டிவிடுகிறது.

போன பருவத்தில் அந்தச் செப்புத் திருமேனியின் படத்தை வகுப்பில் காட்டி, ‘பேய்’ என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் இந்த முகத்தை எழுதுங்கள் என்றேன். அரை மணி நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, “அம்மா, எங்க அப்பாயி மாதிரியே இருக்காங்க, களையெடுத்துட்டு வந்து திண்ணையில உக்காந்தா இப்படித்தான் இருக்கும்” என்றாள். அதையே எழுது என்றேன்.