தண்ணீர் காட்டும் கலை

கொள்ளு என்றால் வாயைத் திறப்பதும் கடிவாளம் என்றால் மூடிக்கொள்வதும் குதிரையின் சுபாவம் என்று பரிகாசம் செய்யும் பழமொழியை ஆக்கியவர், பழகிய லாயத்தில் நிற்கும் குதிரையை மாத்திரமே அறிந்தவராக இருக்க வேண்டும். லாரியிலோ கப்பலிலோ ஆகாய விமானத்திலோ ஏற்றிவந்து, அன்னிய மண்ணில் இறக்கி, முன்பின் அறியாத கொட்டகையில் கட்டிய பயந்த சுபாவமுள்ள குதிரை, கடிவாளத்துக்கு மட்டுமன்றிக் கொள்ளுக்கும் வாயை மூடிக்கொள்ளும்; காதுகளை விறைத்துக் கழுத்தை உயர்த்தி, நம் கண்ணுக்குப் புலப்படாத ஏதோ ஒன்றை உற்றுப் பார்த்தபடி நிற்கும்; வாளி நிறைய நீர் இருந்தும் தாகத்தோடு பொழுதை விடியவைக்கும். அதை உண்ணவும் பருகவும் இணங்கச் செய்கிற வித்தையை, சங்கீதத்துக்கும் சிற்பத்துக்கும் ஒரு படி தாழ்ந்ததாக நான் ஒருகாலும் எண்ணியதில்லை.

பினாங்கின் சூலியா தெருவாசி ஒருவன் இப்படிச் சொன்னால் வியப்பதற்கில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகூர் ஆண்டவர் பெயரால் தர்கா எழுந்த இத்தெரு, ஊரை விட்டு வந்தவர்களுக்குச் சோறிட்டே பெயர் பெற்ற தெரு; சோழமண்டலக் கரையிலிருந்து வந்து வணிகம் செய்தவர்களோடும் படகு தள்ளியவர்களோடும் குதிரை வண்டி ஓட்டியவர்களும் இந்த வட்டாரத்தில் உண்டு உறங்கியவர்கள்தாம். 1864-இல் தோன்றிய பினாங்கு டர்ஃப் கிளப் 2025-இல் தன் கடைசிப் பந்தயத்தை ஓட்டி முடித்துவிட்டது. மலாயா லாயங்களில் சைஸ் என்று அழைக்கப்பட்ட தமிழ்க் குதிரைக்காரர்களின் கைப்பழக்கத்தை இனி எங்கே பார்ப்பது என்ற ஏக்கம் எனக்கு உண்டு. பந்தயத்தில் பணம் கட்டியவர்களுக்கு அந்த ஏக்கம் இராது.

ஆயினும், குதிரைக்குத் தீனி வைப்பதில் தமிழன் பிறவி மேதை என்று மார்தட்டச் சரித்திரம் இடம் தராது. கடல்வழியே வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் காட்டுகிறது. பாண்டியர் காலத்திலோ ஹோர்முஸ், கீஷ் முதலிய துறைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்து இறங்கின. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, அவற்றுள் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் மாண்டதையும், சோறும் இறைச்சியும் சமைத்து அவற்றுக்கு ஊட்டப்பட்டதையும் எழுதிவைத்தார். பாரசீக ஆசிரியர் வஸ்ஸாஃபோ, வறுத்த வாற்கோதுமையையும் வெண்ணெய் கலந்த தானியத்தையும் காய்ச்சிய பசும்பாலையும் குறிப்பிடுகிறார். எத்தனை உபசாரம்! அரச விருந்தாளிக்குச் செய்வதையெல்லாம் செய்தவர்கள், அந்த ஜீவன் பிறந்த ஊரில் என்ன தின்றது என்று மட்டும் கேட்டறியவில்லை.

பிறந்த ஊர்ப் பழக்கத்தை உடன் எடுத்துச் செல்வதே இக்கலையின் அஸ்திவாரம். தேர்ந்த குதிரைக்காரர், பிரயாணத்துக்குப் பல நாட்களுக்கு முன்பே லாயத்துத் தொட்டியில் சிறிது வெல்லப்பாகையோ ஆப்பிள் சாற்றையோ கலந்து அந்த ருசியைப் பழக்கிவிடுவார்; வெளியூரில் குழாய் நீரின் மணம் எதுவாயினும், மேலே மிதப்பது வீட்டு மணமாக இருக்கும். அதே வாளி, அதே வைக்கோல், முடிந்தால் பக்கத்தில் அதே தோழக் குதிரை. உலர்ந்த தீனியை மறுக்கும் குதிரைக்குத் தவிட்டுக் கஞ்சியோ ஊறவைத்த புல்லோ வைத்தால், உண்பதாக எண்ணிக்கொண்டே அது பருகியும்விடும்.

இவ்வளவு சிரத்தை ஏன் என்பதற்குக் குதிரையின் தேகமே விடை. மனிதனுடைய வியர்வையில் உப்புக் குறைவு. ஆகையால் வியர்க்க வியர்க்க இரத்தத்தில் உப்பு மிகுந்து தாகம் எடுக்கிறது. குதிரையோ நீரோடு உப்பையும் தாராளமாகக் கொட்டிவிடுவதால், வெயிலில் மணிக்குப் பத்து லிட்டருக்கு மேல் இழந்த பிறகும், தாகம் என்ற செய்தியே அதன் மூளைக்கு எட்டாமல் போகலாம். முதலில் உப்புக் கரைத்த நீரைக் காட்டி, பிறகு வெறும் நீரைக் காட்டினால் மொத்தத்தில் கூடுதலாகப் பருகுகிறது என்பது சோதித்தறிந்த விஷயம். அதன் பெருங்குடல் ஒரு நீர்த்தேக்கம். முந்தைய நாள் மென்ற வைக்கோல் அங்கே நீரைப் பிடித்துவைத்து மறுநாள் ஓட்டத்தில் கொடுத்துதவுகிறது. கலிஃபோர்னியாவில் 1955-இல் தொடங்கிய நூறு மைல் டெவிஸ் கோப்பைக் குதிரைப் பந்தயம் முதலாக, இன்றைய 160 கிலோமீட்டர் பந்தயங்கள் வரை, இடைநிலையங்களில் வைத்தியர் இதயத்துடிப்பு நிமிஷத்துக்குப் பெரும்பாலும் 64-க்குள் அடங்கிற்றா என்று பார்ப்பதோடு, வயிற்றில் காது வைத்துக் குடலின் ஓசையையும் கேட்பது இதனால்தான். அடிவயிறு மௌனமானால், கால்கள் எவ்வளவு திடமாயிருந்தாலும் பிரயாணம் அங்கேயே முடியலாம்.

சாஸ்திரம் இவ்வளவே, இதற்கு மேல் உள்ளது சுத்தமான ரஸம். கைதேர்ந்தவர் வாளியைக் குதிரையின் முகத்தில் நீட்டமாட்டார். புக்ககத்துப் பந்தியில் புதுப்பெண்ணைச் சுற்றி நின்று சாப்பிடு சாப்பிடு என்று நச்சரிப்பவர்கள் அவள் பசியைக் கொல்வது போல், வற்புறுத்தும் கை குதிரையின் தாகத்தைக் கொன்றுவிடும் என்பது அவருக்குத் தெரியும். வாளியைத் தரையில் வைத்துவிட்டு, வேறேதோ வேலை இருப்பவர் போலச் சேணத்தின் வாரைத் துடைப்பார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நம் கிராமத்தார் செய்வது போலவே மெல்லச் சீழ்க்கை அடிப்பார். ஓரக்கண் மட்டும் காதுகளின் மேல் இருக்கும். விறைத்த காது தளர்கிறது, தலை தாழ்கிறது, உதடு நீரைத் தொட்டு விலகுகிறது, மறுபடி தொடுகிறது. பிறகு ஒவ்வொரு மிடறுக்கும் காதுகள் தாளம் தவறாமல் அசையத் தொடங்கும்போது, அவர் சீழ்க்கையை நிறுத்துவதில்லை, திரும்பிப் பார்ப்பதுமில்லை. அந்த நிதானத்தில்தான் கலைஞன் வெளிப்படுகிறான்.

பாரதத்தில் பாகுகனாக மறைந்திருந்த நளன், இருதுபன்னனின் பரிகாசத்தைப் பொருட்படுத்தாமல் மெலிந்த குதிரைகளைத் தேர்ந்து விதர்ப்பம்வரை ஒரே பகலில் ஓட்டிய சாகசத்தைப் பாராட்டாதார் இல்லை. சேர்ந்ததும் அவன் குதிரைகளை அவிழ்த்து, முறைப்படி உபசரித்து, தேற்றிய பிறகே தேர்த்தட்டில் அமர்ந்தான் என்று வியாசர் சொல்லும் சிறு செய்தியை நான் அந்தச் சாகசத்துக்கும் மேலாக மதிக்கிறேன்.

திரெங்கானுவின் செத்தியு பகுதியில், லெம்பா பிடோங்கில், 2008-இல் உலக நெடுந்தூரக் குதிரையோட்டப் போட்டியே நடந்த பந்தயத்திடல் இருக்கிறது. இத்தகைய போட்டியை எங்கேனும் காணச் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், கோட்டைக் கடப்பவரைப் பார்க்க முண்டியடிக்கும் கூட்டத்தில் சேர வேண்டாம். இடைநிலையத்து நிழலில், வாளிக்குப் பக்கத்தில், குதிரையைப் பார்க்காதவர் போல நிற்பவரைப் பாருங்கள். மறவாமல் சற்றுத் தள்ளியே நில்லுங்கள். சீழ்க்கையை அவரிடமே விட்டுவிடுங்கள்.