பியானோக்காரரின் புதுப் பாட்டுகள்

கிறிஸ்துமஸ் ஆல்பம் என்றால் பழைய கேரல்களையே திரும்பப் பாடுவதுதான் வழக்கம். இங்கிலாந்தின் ஜாஸ்-பாப் பாடகர் ஜேமி கல்லம் 2020-இல் அந்தச் சுலப வழியில் போகவில்லை. ‘தி பியானோமேன் அட் கிறிஸ்துமஸ்’ ஆல்பத்தின் 10 பாட்டுகளும் புத்தம் புதியவை.

பீட்டில்ஸ் பாடிய அதே லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில், 57 இசைக்கலைஞர்களோடு, 5 நாளில் பதிவானது. அந்தக் கூட்டத்தின் பலம் ‘ஹேங் யுவர் லைட்ஸ்’ பாட்டில் தெரிகிறது: ஊதுகருவிகள் ஒன்றாக முழங்க, ஸ்விங் தாளம் காலைச் சும்மா இருக்க விடாது.

தலைப்புப் பாட்டில் அதே மனிதர் அடக்கி வாசிக்கிறார். மெல்லிய பியானோ, லேசாகக் கரகரக்கும் குரல். ஆல்பத்தின் உயிர் இதுதான்.

சிங்கப்பெருமாள் கோவிலில் நைட் ஷிப்ட் பஸ் ஏறி ஒரகடம் போகிறவர்கள் ஹெட்போனில் முதலில் கேட்க வேண்டியதும் இதைத்தான். ‘ஹேங் யுவர் லைட்ஸ்’ விடிந்து வீடு திரும்பும்போது, தூக்கத்தை விரட்ட.