அறுவடை இல்லாதவர்களின் அறிவு

சின்னமனூரில் எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா உண்டு. அதில் பிஸ்கட் இருந்து நான் பார்த்ததில்லை. அம்மாவின் அடகுச் சீட்டுகள்தான் இருக்கும். சொசைட்டியில் வைத்தது ஒன்று, பேங்கில் ஒன்று, அடகுக்கடைகளில் ரெண்டு. ஆறாம் வகுப்போடு நின்றுபோன அம்மா, எதற்கு எப்போது வட்டி கட்டணும், எதை மீட்டு எதை மறுபடி வைக்கணும் என்று எங்கேயும் எழுதி வைத்ததில்லை. கேட்டால் தேதியோடு சொல்லும்.

செந்தில் முல்லைநாதனும் எல்டார் ஷஃபீரும் சேர்ந்து எழுதிய 'ஸ்கேர்சிட்டி' (2013) என்ற புத்தகத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த டப்பாதான் ஞாபகம் வந்தது. முல்லைநாதன் தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்து, சிறு வயதில் அமெரிக்கா போன பொருளாதார அறிஞர். ஷஃபீர் உளவியலாளர். புத்தகத்தின் மையமான வாதம் எளிமையானது: பற்றாக்குறை மனதின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பணக்கவலையில் இருப்பவனுக்கு மற்றதை யோசிக்க மிச்சமிருக்கும் மூளை குறைவு. ஏழை முட்டாளாக இருப்பதால் ஏழையாகவில்லை. ஏழ்மைதான் அவனை அப்படிக் காட்டுகிறது.

இதற்கான முக்கியமான சான்று நம் ஊரிலிருந்து போனது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். ஆனந்தி மணியை முதல் ஆசிரியராகக் கொண்ட அந்தக் கட்டுரை 2013 ஆகஸ்டில் 'சயின்ஸ்' இதழில் வந்தது. கரும்புக்காரனுக்கு வருசத்துக்கு ஒருமுறைதான் மொத்தமாகப் பணம் வரும். வெட்டுக்கு முன் கை காலி, வெட்டுக்குப் பின் கையில் காசு. வெட்டுக்கு முன்னால் 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். பின்னால் 4 சதவீதம். ஒரே ஆளை இரண்டு தடவையும் சோதித்தபோது, வெட்டுக்குப் பிறகு கூடுதல் கேள்விகளுக்குச் சரியாக விடை சொன்னார். ஒவ்வொருவருக்கும் வெட்டு வேறு வேறு மாதத்தில் வந்ததால், பருவகாலத்தின் மேல் பழி போடவும் முடியாது.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பத்தாம் வகுப்பில் ஒரு ஆசிரியர் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி என்னை "மந்தம்" என்றார். அம்மாவின் தாலிச்செயின் ஏலத்துக்குப் போகவிருந்த மாதம் அது. கணக்குப் பாடத்தில் உட்கார்ந்திருப்பேன், ஆனால் நினைப்பு பூரா கடைத்தெருவில்தான் இருக்கும். செயினை மீட்ட பிறகு அதே மண்டையில் அதே கணக்கு ஏறியது. அந்த ஒரு வார்த்தையைப் பல வருசமாகச் சுமந்தவனுக்கு இந்தப் புத்தகம் பெரிய ஆறுதல். அந்த நன்றியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் நன்றி வேறு, விமர்சனம் வேறு.

முதல் கேள்வி அளவுகோல் பற்றியது. அந்த விவசாயிகளுக்குக் கொடுத்தது இரண்டு சோதனை. ஒன்று, 5 5 5 என்று எழுதியிருப்பதைக் காட்டினால் 'ஐந்து' என்று வாசிக்காமல், எத்தனை எண் இருக்கிறது என்று பார்த்து 'மூணு' என்று சொல்ல வேண்டும். இன்னொன்று, ஜான் ரேவன் 1930களில் உருவாக்கிய சோதனை. கட்டங்களில் வடிவங்கள் ஓர் ஒழுங்கில் மாறிக்கொண்டே வரும், கடைசிக் கட்டம் காலி, அங்கே பொருந்துவதை எடுக்கணும். மொழி தேவையில்லை என்பதால் எல்லோருக்கும் பொது என்று நம்பப்பட்ட சோதனை இது. அந்த மாதிரி ஒரு படத்தை அம்மாவிடம் காட்டினேன்.

"என்னா தம்பி இது, கோலமா?"

"இல்லம்மா, இந்த இடத்துல எது வரும்னு சொல்லணும்."

"வந்தா என்னா ஆகும்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. தாளில் கிடக்கும் பயனில்லாத புதிரை அக்கறையோடு தீர்ப்பது பள்ளிக்கூடம் நமக்குப் பழக்கிய ஒன்று. லைபீரியாவில் க்பெல்லே விவசாயிகளிடம் ஜோசப் கிளிக் செய்த ஆய்வு இதற்குப் பேர்போனது. பொருட்களை வகைபிரிக்கச் சொன்னால், கத்தியைக் கருவிகளோடு சேர்க்காமல், அது நறுக்கும் பழத்தோடு சேர்த்தார்கள். புத்தியுள்ளவன் இப்படித்தான் செய்வான் என்றார்கள். சரி, முட்டாள் எப்படிச் செய்வான் என்று கேட்டதும், ஆய்வாளர் எதிர்பார்த்த மாதிரியே கருவி ஒரு பக்கம், உணவு ஒரு பக்கம் என்று அழகாகப் பிரித்து வைத்தார்கள்.

முல்லைநாதனும் ஷஃபீரும் இதை அறியாதவர்கள் இல்லை. ஒரே ஆளை அவரோடே ஒப்பிடுவதால் இந்தச் சிக்கலைத் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் பிடிபட்ட மூளை எங்கே போனது, அங்கே என்ன செய்தது என்பது அந்தத் தாளில் வராது. அடகுக் கெடுவை நாள் தவறாமல் நினைவில் வைப்பதும், மூணு வட்டி விகிதங்களை மனசுக்குள் ஒப்பிடுவதும், யாரிடம் எந்த நேரத்தில் கைமாத்து கேட்கலாம் என்று முகம் பார்த்து முடிவெடுப்பதும் அறிவு இல்லையா? நெருக்கடி கவனத்தைக் கூர்மையாக்கும் என்று புத்தகமே ஓரிடத்தில் ஒத்துக்கொள்கிறது. ஆனால் மதிப்பெண் போடும்போது மட்டும் அது இழப்பாகவே கணக்கில் வருகிறது.

இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். இந்த ஆய்வுக்கு ஒரு 'முன்', ஒரு 'பின்' வேணும். கம்பம் பள்ளத்தாக்கில் அதைத் தேடிப் பாருங்கள். பன்னீர் திராட்சைத் தோட்டத்தில் வருசம் பூராவும் ஏதோ ஒரு பந்தலில் காய் வெட்டிக்கொண்டிருப்பார்கள். வரவும் கடனும் பின்னிக் கிடக்கும். அதைவிட, விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்து கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிற பெண்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு வாரக்கூலி. கூலி வாங்கிய அன்றே அது பங்குபிரிந்து போய்விடும். இவர்களுடைய வாழ்க்கையில் 'வெட்டுக்குப் பின்' என்ற மாதமே கிடையாது. இவர்களின் தெளிந்த மனசு எப்படி இருக்கும் என்று எந்தச் சோதனையும் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் ஒப்பிட அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. நிலமில்லாதவர்கள் இந்தப் புத்தகத்தின் மிகச் சிறந்த சான்றுக்கு வெளியே நிற்கிறார்கள்.

மூன்றாவது, கோயம்பேடு பகுதி. தினமும் ஆயிரம் ரூபாய் கடன் வாங்கி, சாயங்காலம் ஐந்து சதவீத வட்டியோடு திருப்பும் வியாபாரிகள். நாளுக்கு ஐந்து ரூபாய் மிச்சம் பிடித்தால் ஐம்பதே நாளில் கடனில்லாமல் ஆகிவிடலாமே என்று புத்தகம் கணக்குப் போடுகிறது. சிலரின் கடனை மொத்தமாக அடைத்துப் பார்த்தார்கள். ஒரு வருசத்துக்குள் ஒவ்வொருவராக மறுபடி கடனில் விழுந்தார்கள். எதிர்பாராத செலவைத் தாங்கும் இடைவெளி அவர்களிடம் இல்லை என்பது புத்தகத்தின் விளக்கம். ஏற்கத்தக்கதுதான். ஆனால் எங்கள் பக்கம் கல்யாணத்துக்குச் செய்முறை செய்வதை வெறும் செலவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மொய் நோட்டில் ஏறிய காசு, நம் வீட்டு விசேஷத்தில் திரும்பி வரும் சேமிப்பு. வெளியிலிருந்து பார்த்தால் பணத்தை விட்டதுபோல் தெரியும். உள்ளே இருப்பவருக்கு அது முதலீடு.

ஆய்வு உலகிலும் சர்ச்சை இருக்கிறது. அமெரிக்க வணிக வளாகத்தில் செய்த சோதனைகளில் வருமானத்தை 'ஏழை, பணக்காரர்' என்று இரண்டாக வெட்டிக் கணக்கிட்டதை விகர்ட்ஸும் ஸ்கோல்டனும் அதே ஆண்டு 'சயின்ஸ்' இதழிலேயே கேள்வி கேட்டார்கள். சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் அமெரிக்கர்களைச் சோதித்த கர்வால்யோ குழு (2016) அறிவுத்திறனில் வித்தியாசம் பார்க்கவில்லை. அதனால் புத்தகம் பொய்யாகிவிடாது. ஆனால் அதன் பெயரால் பரவிய 'வறுமை இத்தனை ஐக்யூ புள்ளியைத் தின்னும்' என்ற வாக்கியத்தை அப்படியே ஃபார்வர்ட் செய்வதற்கு முன் கொஞ்சம் நிதானிக்கலாம். 1905-இல் ஆல்ஃபிரெட் பினே முதல் சோதனையைச் செய்தது, வகுப்பில் உதவி தேவைப்படும் பிள்ளையைக் கண்டுபிடிக்கத்தான். பிறகு அது பிள்ளையின் நெற்றியில் ஒட்டும் எண்ணாக மாறியது. 'ஏழைகளுக்கு அறிவு குறைவு' என்ற பழைய பேச்சு, 'ஏழைகளுக்கு இப்போதைக்கு அறிவு குறைவு' என்று மாறுவது முன்னேற்றம்தான். ஆனால் அது பாதி வழிதான்.

இந்தக் குறைகளோடும் 'ஸ்கேர்சிட்டி'யைப் படிக்கச் சொல்வேன். குறிப்பாக ஆசிரியர்கள். ஒரு பிள்ளையைப் பார்த்து "மண்டையில ஏறல" என்று சொல்வதற்கு முன், வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்க வைத்தால் அதுவே இந்தப் புத்தகத்துக்குப் போதும்.

அந்தப் படத்தை அம்மா கடைசிவரை முடிக்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இன்னைக்குத் தேதி பதினாலா? சொசைட்டிக்குப் போகணும்டா" என்று எழுந்து போனது.