செயின்ட் ஐவ்ஸும் டேமும்: ஊர்க்காரர்கள் போட்ட இரண்டு பிளான்கள்

இங்கிலாந்தில் ஒரு வட்டாரத்து மக்களே தங்கள் பகுதிக்குத் திட்டம் போட்டுக்கொள்ளும் முறையைப் பற்றி எதைப் படித்தாலும், இரண்டாவது பத்திக்குள் செயின்ட் ஐவ்ஸ் வந்துவிடும். கார்ன்வால் கடற்கரையில் இருக்கும் சின்ன ஊர். வெளியூர்க்காரர்கள் லீவு வீடாக வாங்கி வாங்கி, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வீடு எட்டாத விலைக்குப் போய்விட்டது. 2016 மே மாதம் வாக்கெடுப்பு வைத்தார்கள். இனி இங்கே புதிதாகக் கட்டி விற்கும் வீட்டில், அதையே முழுநேர வீடாகக் கொண்டவர்தான் குடியிருக்கணும் என்று முடிவானது. வாக்களித்தவர்களில் 83 சதவீதம் ஆதரவு.

கதை நல்லாத்தான் இருக்கு. ஆனால் இந்த முறையால் என்ன பலன் என்று கேட்டால் செயின்ட் ஐவ்ஸைக் காட்டுவது தப்பான உதாரணம் என்பது என் கட்சி. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் டேம் என்று ஒரு சந்தை ஊர் இருக்கிறது. அதிகம் பேசப்படாத அந்த ஊர்தான் சரியான உதாரணம்.

முதலில் இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். 2011ல் வந்த லோக்கலிசம் சட்டம்தான் அடிப்படை. பாரிஷ் கவுன்சிலோ டவுன் கவுன்சிலோ இருந்தால் அவர்கள் திட்டம் எழுதலாம். இல்லாத இடத்தில் குறைந்தது 21 பேர் சேர்ந்து ஒரு ஃபோரம் அமைத்து எழுதலாம். வரைவை ஆறு வாரம் மக்கள் பார்வைக்கு வைக்கணும். பிறகு வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து சோதிப்பார். கடைசியில் வாக்கெடுப்பு. பாதிக்கு மேல் ஆதரவு கிடைத்தால், அது சட்டப்படியான வளர்ச்சித் திட்டத்தின் ஒரு பகுதி ஆகிவிடும்.

இந்தக் கடைசி வரிதான் முக்கியம். யாராவது வீடு கட்ட விண்ணப்பம் போட்டால், அதிகாரி அந்தத் திட்டத்தை வைத்துத்தான் முடிவு செய்யணும். விலகிப் போகிறார் என்றால் தக்க காரணம் காட்டணும். நம்மூரில் பகுதிவாசிகள் கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் மனுவுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். எங்கள் தொழிலில் சொன்னால், மீட்டிங் மினிட்ஸில் ஏறியதற்கும் ஸ்பெக்கில் ஏறியதற்கும் உள்ள வித்தியாசம். 'மக்கள் பங்கேற்பு' என்று புகழ்ந்து எழுதுபவர்கள் பலரும் கூட்டங்களையும் கலர் சீட்டு ஒட்டிய வரைபடங்களையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இந்த ஒரு விஷயத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். கூட்டம் எங்கே வேண்டுமானாலும் போடலாம்.

ஒரு வரம்பும் உண்டு. மேல்மட்டத் திட்டம் இந்த ஊருக்கு இத்தனை வீடு என்று சொல்லியிருந்தால், ஊர்க்காரர்கள் அதைக் குறைக்க முடியாது. எங்கே, எப்படி, எந்த மாதிரி என்பதைத்தான் சொல்லலாம்.

இப்போது செயின்ட் ஐவ்ஸுக்கு வருவோம். அந்த விதி பார்க்க வலுவானது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா, உள்ளூர் டாக்டரிடம் பதிந்திருக்கிறாரா, பிள்ளைகள் உள்ளூர்ப் பள்ளிக்குப் போகிறார்களா என்று குடியிருப்புக்குச் சான்று கேட்கலாம். உள்ளூர்க் கட்டட வடிவமைப்பு நிறுவனம் ஒன்று இதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனது. 2016 நவம்பரில் நீதிபதி ஹிக்கின்பாட்டம் வழக்கைத் தள்ளுபடி செய்தார். ஓர் ஊர் எழுதிக்கொண்ட வாக்கியம் நீதிமன்றத்தில் நின்றது என்பது சின்ன விஷயம் இல்லை. ஃபோவி, மெவகிஸி போன்ற மற்ற கார்ன்வால் ஊர்களும் இதே மாதிரி விதி கொண்டுவந்தன. (இதை ஆரம்பித்து வைத்ததும் செயின்ட் ஐவ்ஸ் இல்லை. டெவனில் லிண்டன், லின்மத் ஊர்கள் 2013லேயே செய்துவிட்டன. பத்திரிகைகளுக்கு அழகான கடற்கரை தேவைப்பட்டது போல.)

ஆனால் அந்த விதி தொடுவது புது வீடுகளை மட்டும்தான். ஏற்கெனவே நிற்கும் வீடுகளைத் தொட இந்தச் சட்டத்தில் வழி இல்லை. அப்போ லீவு வீடு தேடி வருபவர் என்ன செய்வார்? பழைய வீட்டை வாங்குவார். மீனவர் குடும்பங்கள் இருந்த பழைய தெருக்கள்தான் அவருக்குப் பிடித்ததும்கூட. புது வீட்டை அதிக விலைக்கு விற்க முடியாது என்றால் பில்டர் அடுத்த ஊருக்குப் போவார். அந்த லாபத்திலிருந்து வர வேண்டிய மலிவு வீடுகளும் அவரோடு போகும். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்காரர்களும் இந்தப் பக்க விளைவைச் சுட்டிக்காட்டினார்கள். பழைய வீடுகளைத் தொடும் கருவி, அதாவது இரண்டாவது வீட்டுக்கு இரட்டிப்பு கவுன்சில் வரி, நாடாளுமன்றம் 2023ல் சட்டம் போட்ட பிறகுதான் சாத்தியமானது. கார்ன்வால் 2025 ஏப்ரலில் அதை அமல்படுத்தியது. ஊர் மட்டத்தில் தீராத பிரச்சனையை ஊர் மட்டத்துக் கருவியால் தீர்க்கப் பார்த்ததுதான் செயின்ட் ஐவ்ஸ். அதனால் அந்த மக்கள் செய்தது வீண் என்று சொல்ல வரலை. புதிதாகக் கட்டும் வீடாவது இருட்டிக் கிடக்கக் கூடாது என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. உதாரணமாகத்தான் பொருந்தலை.

டேம் கதை வேறு. மாவட்டத் திட்டம் அந்த ஊருக்கு 775 புது வீடுகள் ஒதுக்கியது. மாவட்டக் கவுன்சிலின் யோசனை, பெரும்பகுதியை ஊர் ஓரத்தில் ஒரே பெரிய இடத்தில் கட்டுவது. அலுவலகத்திலிருந்து பார்த்தால் அது சரியாகத்தான் படும்: ஒரு நிலம், ஒரு ஒப்பந்தம், ஒரு ரோடு. ஊர்க்காரர்களுக்கு அப்படிப் படவில்லை. எல்லாரையும் ஒரு மூலையில் குடிவைத்தால் அவர்கள் கடைத்தெருவுக்கு நடந்து வர மாட்டார்கள், காரில்தான் வருவார்கள், ஊர் இரண்டாகப் பிரிந்துவிடும் என்ற கவலை. எதிர்ப்பு வந்தது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை டவுன் கவுன்சிலிடம் வந்தது.

எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். அதே 775. ஒன்றுகூடக் குறையவில்லை. எங்கே என்று முடிவு செய்யும் பொறுப்பு கைக்கு வந்ததும், வேண்டாம் என்ற வாதத்துக்கு இடமே இல்லாமல் போனது. இந்த வயலா அந்தப் பள்ளி நிலமா, எங்கே தண்ணீர் தேங்கும், எங்கிருந்து நடந்து போகலாம் என்று பேச வேண்டியதாயிற்று. இந்த விவரமெல்லாம் அங்கே வாழ்பவருக்குத் தெரியும், மாவட்ட அலுவலகத்துக்குத் தெரியாது. வீடுகளைப் பல இடங்களில் பிரித்து வைத்து, 2013 மே மாதம் வாக்கெடுப்புக்குப் போனார்கள். வாக்களித்தவர்களில் நான்கில் மூன்று பங்கு பேர் ஆமாம் என்றார்கள். தங்கள் வீட்டுப் பக்கத்திலேயே கட்டடம் வரப்போகிறது என்று தெரிந்தவர்களும் ஓட்டுப் போட்ட தேர்தல் அது.

பணமும் கொஞ்சம் உதவுகிறது. புதுக் கட்டடங்களிடம் வசூலிக்கும் உள்கட்டமைப்பு வரியில், திட்டம் இல்லாத பாரிஷுக்கு 15 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. திட்டம் இருந்தால் 25 சதவீதம், உச்சவரம்பு கிடையாது. விளையாட்டுத் திடலோ நடைபாதையோ, எதற்குச் செலவழிப்பது என்பதில் ஊருக்குப் பேச்சு உண்டு.

என் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. இந்தத் திட்டம் எழுதி முடிக்க வருடக்கணக்கில் ஆகும். ஆதாரம் திரட்டணும், சட்ட மொழியில் எழுதணும், தேர்வாளரின் கேள்விக்குப் பதில் சொல்லணும். ஓய்வுபெற்ற சர்வேயரும் வக்கீலும் நாலு பேர் இருக்கும் ஊரில் இது நடக்கும். இரண்டு ஷிப்ட் வேலை பார்க்கும் குடும்பங்கள் வாடகைக்கு இருக்கும் நகரத் தெருவில் அந்த 21 பேரை யார் சேர்ப்பது? ரெடிங் பல்கலைக்கழகத்தின் கேவின் பார்க்கரும் மற்றவர்களும் திரும்பத் திரும்பக் காட்டியது இதைத்தான்: திட்டங்கள் ஆயிரத்தைத் தாண்டினாலும், அவை வசதியான, கிராமப்புற, தெற்குப் பகுதிகளில் குவிந்திருக்கின்றன. வறிய பகுதிகளில் குறைவு. ஆக, சட்ட பலம் உள்ள வாக்கியம் எழுதும் உரிமை எல்லாருக்கும் உண்டு, எழுதி முடிப்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே கவுன்சில் காதில் விழும்படி பேசத் தெரிந்தவர்கள்.

இந்த இடைவெளியைக் கொஞ்சமாவது அடைத்தது அரசு கொடுத்த மானியமும் தொழில்நுட்ப உதவியும். 2025ல் அந்த ஆதரவுத் திட்டத்துக்குப் புதிய நிதி இல்லை என்று அரசு அறிவித்துவிட்டது. சட்டம் அப்படியே இருக்கிறது. டேம் மாதிரி ஊர்கள் கன்சல்டன்டுக்குத் தாங்களே பணம் கட்டிக்கொள்ளும். ஃபோரம் ஆரம்பித்துப் பாதியில் நிற்கும் நகரத் தெருக்கள் என்ன செய்யும் என்பதற்கு அந்த அறிவிப்பில் பதில் இல்லை.