ஞானரதம்: கற்பனை உலகங்களும் அங்கதமும்

ஞானரதம், சி. சுப்பிரமணிய பாரதியார் எழுதிய உரைநடைப் புனைவு. 'இந்தியா' இதழில் தொடராக வெளிவந்து 1910-ல் நூலாகியது. கற்பனை உலகங்களுக்குச் சென்று, அங்கிருந்து வாழும் உலகைத் திரும்பிப் பார்க்கும் படைப்பு இது. இவ்வகையில் உலகெங்கும் அறியப்பட்ட நாவல், ஜோனாதன் ஸ்விஃப்ட் எழுதி 1726-ல் லண்டனில் வெளியான 'கலிவரின் பயணங்கள்'. அதனருகே வைத்துப் பார்க்கும்போது ஞானரதத்தின் தனித்தன்மையும் குறையும் தெளிவாகின்றன.

பயணத்தின் அமைப்பு

கதைசொல்லி திருவல்லிக்கேணி வீரராகவ முதலித் தெருவில் ஒரு வீட்டு மாடியில் கடற்காற்று வாங்கியபடி படுத்திருக்கிறார். அங்கிருந்து ஞானம் என்னும் ரதத்தில் ஏறிப் புறப்படுகிறார். நூல் வெளியான ஆண்டில் பாரதி புதுச்சேரியில் இருந்தார். ஆங்கிலேயரின் கைதுக்கு ஆளாகாமல் திருவல்லிக்கேணிக்குத் திரும்ப அவரால் இயலாத காலம் அது.

முதலில் செல்வது கவலையற்ற உபசாந்தி லோகம். மனத்தை வெளியே விட்டுவிட்டுத்தான் அதற்குள் நுழைய முடியும். மனத்தை இழக்க விரும்பாமல் அவர் வாயிலிலேயே திரும்பிவிடுகிறார். அடுத்தது பர்வதகுமாரி வழிகாட்டும் இன்ப உலகமான கந்தர்வ லோகம். பின்னர் சத்திய லோகம், மண்ணுலகம், தர்ம லோகம் என்று பயணம் தொடர்கிறது.

இலக்கிய மதிப்பீடு

ஸ்விஃப்டின் அங்கதம் அளவுகளை மாற்றுவதில் பிறக்கிறது. லில்லிபுட்டில் ஆறு அங்குல உயர மனிதர்கள், முட்டையை எந்த முனையில் உடைப்பது என்பதற்காகப் போர் புரிகிறார்கள். சிறிய உருவில் காணும்போது ஐரோப்பாவின் மதச் சண்டைகளும் சிறுத்துவிடுகின்றன. பாரதியிடம் மாறுவது அளவு அல்ல, மனநிலை. அமைதி, இன்பம், உண்மை, அறம் ஆகியவை ஒவ்வொன்றும் ஓர் உலகம்.

நூலின் மிகச் சிறந்த உத்தி, மண்ணுலகையும் இந்த உலகங்களுள் ஒன்றாக வைத்திருப்பது. சத்திய லோகத்தைக் கண்டு மீண்டவனுக்குத் தன் அன்றாடக் கவலைகளே விசித்திரமாகத் தெரிகின்றன. தன்னையே கேலி செய்துகொள்ளும் இப்பகுதியில்தான் பாரதியின் உரைநடை மிகவும் இயல்பாக இருக்கிறது.

குறை தர்ம லோகத்தில் இருக்கிறது. அங்கே அங்கதம் பின்வாங்கி உபதேசம் முன்னால் வருகிறது. வருணத்தைக் குணத்தைக் கொண்டு விளக்கும் இலட்சியத்தைக் கதைசொல்லி கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறார். ஸ்விஃப்ட் தன் இலட்சிய நாட்டையும் விட்டுவைப்பதில்லை. பகுத்தறிவு கொண்ட குதிரைகளின் நாட்டிலிருந்து வீடு திரும்பும் கலிவர், மனைவி மக்களின் மணத்தைக்கூடத் தாங்க முடியாமல் லாயத்துக் குதிரைகளோடு பேசிக்கொண்டிருக்கிறார். குற்றமற்ற நாட்டை வழிபடுபவனும் அங்கே கேலிக்கு உள்ளாகிறான்.

ஆனால் கலிவர் தவறும் இடத்தில் ஞானரதத்தின் கதைசொல்லி தவறவில்லை. கலிவர் மனிதரை வெறுத்து முடிகிறார். இவரோ அமைதியின் வாயில்வரை சென்றும், அலைக்கழிக்கும் மனத்தைக் கைவிட மனமின்றி அதையும் அழைத்துக்கொண்டே திரும்புகிறார். தர்ம லோகத்தின் உபதேசத்தைக் கடந்தும் ஞானரதம் இன்று வாசிக்கப்படுவதற்கு, குறையுள்ள மனித வாழ்வின்மீது அது கொண்டுள்ள இந்தப் பரிவே காரணம்.