பாராமலே பழித்த படமும் பழித்ததால் பார்த்த படமும்

ஒரு படத்தைத் தூற்றினால் அது ஓடும் என்பது படவுலகில் நெடுநாளாக வழங்கிவரும் நம்பிக்கை. கண்டனக் கூட்டங்கள் இலவச விளம்பரம் என்று தயாரிப்பாளர்கள் உள்ளூர மகிழ்வதாகவும் சொல்வார்கள். சமயத்தையும் அரசியலையும் தொட்ட சில படங்களின் வரலாற்றைப் புரட்டினால், இந்நம்பிக்கை பாதிதான் உண்மை என்று தெரிகிறது. கூச்சலால் வாழ்ந்த படமும் உண்டு. கூச்சலால் நலிந்த படமும் உண்டு. எது வாழ்ந்தது, எது நலிந்தது என்று பார்க்கும்போதுதான் நமக்கு மனம் கசக்கிறது.

1976ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி மெஸேஜ்' படத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். சிரியாவில் அலெப்போ நகரில் பிறந்து அமெரிக்காவில் திரைக்கலை பயின்ற முஸ்தஃபா அக்காத் அதனை இயக்கினார். இஸ்லாத்தின் தொடக்க வரலாற்றை மேலை நாட்டாருக்கு எடுத்துச் சொல்வதே அவருடைய நோக்கம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உருவம் படத்தில் இல்லை, குரலும் இல்லை. அவர்களிடம் பேச வேண்டிய கட்டங்களில் நடிகர்கள் காமிராவை நோக்கிப் பேசினர். ஆங்கிலத்துக்கு ஒரு நடிகர் குழுவும் அரபிக்கு வேறொரு குழுவும் வைத்து இருமுறை எடுத்தார். ஹம்ஸா (ரலி) அவர்களாக ஆங்கிலத்தில் ஆண்டனி குவின் நடித்தார். அரபியில் அப்துல்லா கைஸ் நடித்தார். நம் மதிப்பீட்டில் அரபிப் படமே சிறந்தது. ஆங்கிலப் படத்தின் உரையாடல்கள் சில இடங்களில் பாடம் நடத்துவதுபோல் நீள்கின்றன. ஆயினும் நஜ்ஜாஷி மன்னரின் அவையில் ஜஃபர் (ரலி) அவர்கள் மர்யம் அத்தியாயத்தை எடுத்துச் சொல்லும் காட்சியும், கஃபாவின் மீது ஏறி நின்று பிலால் (ரலி) அவர்கள் பாங்கு சொல்லும் காட்சியும் எந்த மொழியில் பார்த்தாலும் கண்ணைக் கலங்க வைப்பவை.

இந்தப் படத்துக்கு நேர்ந்த கதி என்ன? மொராக்கோவில் தொடங்கிய படப்பிடிப்பு சவூதி அரேபியாவின் எதிர்ப்பினால் இடையில் நின்று, லிபியாவின் ஆதரவில் நிறைவுற்றது. நபி வரலாற்றை நடித்துக் காட்டுவதே கூடாது என்று கருதிய ஆலிம்களின் கருத்தை நாம் இலேசாகத் தள்ளிவிடமாட்டோம். அது ஆய்ந்து சொன்ன கருத்து, விவாதிக்கத்தக்கது. ஆனால் அமெரிக்காவில் நடந்தது விவாதமன்று. 1977 மார்ச் 9ஆம் நாள், ஹனஃபி என்று தம்மை அழைத்துக்கொண்ட சிறு கூட்டத்தைச் சேர்ந்த 12 பேர் வாஷிங்டனில் மூன்று கட்டடங்களுக்குள் ஆயுதங்களுடன் புகுந்து, ஏறத்தாழ 150 பேரைப் பிணையாகப் பிடித்தனர். அக்கட்டடங்களுள் ஒன்று அந்நகரின் இஸ்லாமிய மையம்! அக்கூட்டத்தின் தலைவர் 1973இல் தம் குடும்பத்தாரைக் கொலைகாரர்களிடம் பறிகொடுத்தவர். அக்கொலைஞரைத் தம்மிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதே அவரது முதற் கோரிக்கை. அத்துடன், இந்தப் படத்தை நிறுத்த வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. படத்தை அவர் பார்த்ததில்லை. திரையரங்குகள் அன்றே படத்தை நிறுத்தின. எகிப்து, பாகிஸ்தான், ஈரான் நாட்டுத் தூதர்கள் குர்ஆன் வசனங்களை எடுத்துக் கூறிப் பேசி அவரைச் சரணடையச் செய்வதற்குள் இளம் வானொலிச் செய்தியாளர் ஒருவர் உயிரிழந்திருந்தார்.

பின்னர் படம் மீண்டும் திரையிடப்பட்டது. ஆனால் அமெரிக்கப் பொதுமக்கள் மனத்தில் அது துப்பாக்கியோடும் பிணைக்கைதிகளோடும் பிணைந்துவிட்டது. யாருக்கு இஸ்லாத்தை அறிமுகம் செய்ய எண்ணி அது எடுக்கப்பட்டதோ, அவர்களே அஞ்சி ஒதுங்கினர்.

இனி மற்றொன்று. 2012 ஜூலையில் யூடியூபில் 14 நிமிடத் துணுக்கு ஒன்று ஏற்றப்பட்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை இழிவு செய்யும் நோக்குடன் எடுக்கப்பட்டது அது. நடித்தவர்களிடம் வேறு கதையைச் சொல்லி, பிறகு வசனங்களை மாற்றி ஒட்டியிருந்தார்கள். படம் என்று சொல்வதற்கே தகுதியற்ற அதை இரண்டு மாதம் எவரும் சீண்டவில்லை. செப்டம்பரில் அதன் அரபிப் பதிப்பு எகிப்தியத் தொலைக்காட்சி ஒன்றில் காட்டப்பட்டதும் உலகமே அதைத் தேடலாயிற்று. கெய்ரோவில் அமெரிக்கத் தூதரகச் சுவரில் கூட்டம் ஏறியது. செப்டம்பர் 21 அன்று பாகிஸ்தானில் மட்டும் பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சென்னை அண்ணாசாலையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் முன்பும் கல் வீசப்பட்டது. அந்தத் துணுக்கைத் தயாரித்தவர் கோடிப் பணம் கொடுத்தாலும் வாங்க முடியாத விளம்பரத்தை, அதனால் புண்பட்டவர்களே ஈட்டித் தந்தார்கள்.

கிறிஸ்தவ உலகிலும் இவ்விரு நிலைகளைக் காணலாம். 1988இல் 'தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிறைஸ்ட்' வந்தபோது ஊர்வலங்கள் நடந்தன. பாரிஸில் ஒரு திரையரங்குக்குத் தீ வைத்தார்கள். இத்தனை பரபரப்புக்கும் அமெரிக்காவில் அது ஈட்டியது ஏறத்தாழ 80 இலட்சம் டாலரே. 2004இல் 'தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்' மீதும் யூதர்களை இழிவுபடுத்துகிறது என்ற கடுமையான குற்றச்சாட்டு எழுந்தது. அதுவோ அங்கே 37 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. காரணம் வெளிப்படை. முந்தைய படத்தைத் தேவாலயங்கள் புறக்கணித்தன. பிந்தைய படத்துக்குத் தேவாலயங்களே சபையார்க்கு மொத்தமாகச் சீட்டு வாங்கித் தந்தன. ஆக, சர்ச்சை சபையைப் படைப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் சபையை ஒன்று கூட்டுகிறது, அல்லது கலைத்துவிடுகிறது.

நம் ஊர் நிகழ்ச்சியையும் நேர்மையுடன் சொல்லிவிட வேண்டும். 2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' படத்தை நம் அமைப்புகளின் தலைவர்கள் பார்த்துவிட்டுத்தான் எதிர்த்தார்கள். அவர்களிடம் குறிப்பான ஆட்சேபங்கள் இருந்தன. தொழுகையையும் குர்ஆன் ஓசையையும் கொலையின் அருகில் வைத்துக் காட்டும் பழக்கம் தமிழ்ப் படங்களில் வேரூன்றிவிட்டதே என்ற கேள்வி நியாயமான கேள்வி. அரசு 15 நாள் தடை விதித்தது. அதன்பின் செய்தித்தாள்களில் அந்தக் கேள்வியை நாம் எங்கே பார்த்தோம்? வழக்கு மன்றத்தில் என்ன நடந்தது, கமல்ஹாசன் நாட்டைவிட்டே போய்விடுவாரா என்பதே பேச்சு. ஏழு இடங்களில் மாற்றம் செய்ய இசைந்து பிப்ரவரி 7 அன்று தமிழகத்தில் படம் வெளியானபோது அரங்குகள் நிரம்பி வழிந்தன. அந்தக் காட்சிகள் ஏன் தவறு என்று ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, பிற சமய வாசகரும் ஒப்புக்கொள்ளத்தக்க ஒரு விமர்சனத்தை நம்மில் எத்தனை பேர் எழுதினோம்? நம் இதழ்களையும் சேர்த்தே கேட்கிறோம்.

அக்காத் 2005 நவம்பரில் அம்மான் நகர ஹோட்டல் குண்டுவெடிப்பில் தம் மகளோடு உயிரிழந்தார். 2018 நோன்புப் பெருநாளையொட்டி, அவருடைய 'தி மெஸேஜ்' புதுப்பிக்கப்பட்டுச் சவூதி அரேபியாவின் திரையரங்குகளில் முதன்முறையாகக் காட்டப்பட்டது. குடும்பங்கள் சென்று பார்த்தன. கலகம் எதுவும் நடக்கவில்லை.