கழற்றி வைத்த ஸ்டெபிலைசர் பார்

திருவண்ணாமலையில் ஜீப் வகை வண்டிகளை ஆசையோடு வாங்குவோரிடையே, உயரத்தைக் கூட்டுவதும் பெருத்த டயர்களை மாட்டுவதும் போதாதென்று, இருபுறச் சக்கரங்களையும் பிணைக்கும் ஸ்டெபிலைசர் பாரைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுவதும் அண்மைக் காலத்தில் ஒரு வழக்கமாகி வருகிறது. அதைக் கழற்றாத வண்டி மலைக்கே லாயக்கில்லை என்று பேசிக்கொள்ளும் அளவுக்கு இந்த மோகம் முற்றிவிட்டது. மலைத்தடங்களில் மிகுந்த அனுபவமுள்ள நண்பர் ஒருவர், தொழிற்சாலைக்காரர்கள் அந்தப் பாரைப் பட்டணவாசிகளின் சொகுசுக்காகவே வைத்தார்கள் என்றும், மலையேறுகிறவனுக்கு அதனால் இடைஞ்சலேயன்றிப் பிரயோஜனம் இல்லையென்றும், சில இளைஞர்கள் முன்னிலையில் வெகு நேரம் வாதித்தார். அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பி மறுபாதியையும் இளைஞர்கள் ஏற்றுக்கொண்டு போனார்கள் என்பதே இதை எழுதக் காரணம்.

உண்மையான பாதியை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஜவ்வாது மலையின் ஓடைத் தடங்களில், ஒரு சக்கரம் பாறைமேல் ஏற எதிர்ச்சக்கரம் பள்ளத்தில் இறங்க வேண்டிய இடத்தில், இரண்டையும் பிணைத்து நிற்கும் அந்த முறுக்குத்தண்டு, இறங்க வேண்டிய சக்கரத்தையும் கூடவே மேலே இழுக்கிறது. அது தரையை விட்டு எழும்பி வீணே சுழல, வண்டி நின்றுவிடுகிறது. தண்டின் நுனிகளைப் பிணைக்கும் இருபுறத்து லிங்குகளையும் கழற்றிவிட்டால் சக்கரம் பள்ளத்தைத் தொடுகிறது. வண்டியும் அதிகம் குலுங்காமல் கடக்கிறது. முன்னும் பின்னும் முழு ஆக்ஸில் கொண்ட ஜிப்ஸியிலும் ஜிம்னியிலும் இந்தப் பயன் கண்கூடு. முன்சக்கரங்கள் தனித்தனியே இயங்கும் தார் வண்டியில் முன்புறத்து லாபம் சொற்பமே. விஷ்போனும் ஷாக் அப்சார்பரும் வகுத்த எல்லைக்குக் கீழே அந்தச் சக்கரம் இறங்க வழியில்லை. இருபக்கச் சக்கரங்களையும் சேர்த்தே சுழலவைக்கும் டிஃப் லாக் முன்னும் பின்னும் உள்ள கூர்க்காவோ, ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றாலும் மற்றதைக் கொண்டு ஏறிவிடக்கூடியது. இவ்வளவு வித்தியாசங்களையும் பாராமல் எல்லா வண்டிக்கும் ஒரே வைத்தியம் செய்வது சரியா என்ற கேள்வியை அப்படியே விட்டுவிடுகிறேன்.

என் நெடுநாளைய ஆட்சேபம், கழற்றிய பாரோடு சாலையில் ஓடுவதைப் பற்றியது. திருவண்ணாமலையிலிருந்து போளூர் வரை சுமார் 35 கி.மீ. நல்ல சாலை, அங்கிருந்து ஜவ்வாது மலைமேலுள்ள ஜமுனாமரத்தூருக்கு ஏறுவதும் வளைந்து வளைந்து செல்லும் சாலைதான். காப்புக்காட்டுக்குள் இஷ்டம்போல் வண்டி ஓட்ட அனுமதி கிடையாதாகையால், மேலே போய்ச் சேர்ந்தபின் பாறையும் ஓடையுமாக நியாயமாகக் கிடைக்கும் தடம் மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்ச தூரத்தில் ஆமை வேகத்தில் ஊர்வதற்காகக் கழற்றியதை, மிச்சமுள்ள பிரயாணம் முழுவதும், மறுநாள் கடைத்தெருவுக்கும், அடுத்த வாரம் பெங்களூருக்கும் கழற்றியபடியே ஓட்டிக்கொண்டு போகிறார்கள்.

சாலையில் அந்தப் பார் ஆற்றும் காரியத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வண்டியை வடிவமைக்கும் பொறியாளர், மேடுபள்ளத்தில் உள்ளிருப்போர் உடம்பு நோகாதிருக்கும் பொருட்டுச் சுருள்வில்லை மிருதுவாக வைக்கிறார். மிருதுவான வில்லின்மேல் நிற்கும் உயரமான உடல் வளைவில் சாய்ந்துவிடுமே என்பதற்காக, அந்தச் சாய்வை எதிர்க்கும் பொறுப்பில் ஒரு பங்கைப் பாரிடம் ஒப்படைக்கிறார். பாரை நம்பி மிருதுவாக்கிய வில்லை வைத்துக்கொண்டு பாரை மட்டும் எடுத்துவிட்டால், அந்தப் பொறுப்பு யாரிடமும் இல்லாமல் போகிறது.

நிதானமாகத் திரும்பும் வளைவில் இதன் விளைவு பெரிதாகத் தெரியாது. கூடுதல் சாய்வு நான்கு நாளில் பழகிப்போகும். அபாயம் ஒளிந்திருப்பது திடீரென்று விலகும்போதுதான். செங்கம் சாலையில் 70 கி.மீ. வேகத்தில் வருகிறவர், குறுக்கே ஓர் ஆடு பாய்ந்ததைக் கண்டு சட்டென்று வலப்புறம் ஒடிக்கிறார். எதிரே பஸ் வருவதைக் கண்டு அடுத்த கணமே இடப்புறம் ஒடிக்கிறார். முதல் திருப்பத்தில் உடல் இடப்பக்கம் சாய்ந்து, அப்பக்கத்து வில்கள் அமுங்கி நிற்கும்; இரண்டாம் திருப்பத்தில், அமுங்கிய வில்கள் விடுபடும் வேகமும் புதிய திருப்பத்தின் விசையும் ஒன்றுகூடி, உடலை வலப்பக்கம் வீசியெறிகின்றன. பார் இருந்தால் இந்த வீச்சு அளவுக்குள் அடங்கும். இல்லாவிட்டால், சாய்வு முற்றி, சஸ்பென்ஷனின் எல்லைத் தடுப்பான பம்ப் ஸ்டாப்பில் மோதுகிறது. மோதிய கணத்தில் ஒன்று டயரின் பிடிப்பு அறுந்து வண்டி வழுக்கும், அல்லது பிடிப்பு அறாமல் வண்டியே புரளும். முன்புறப் பாரை மட்டும் கழற்றியவர்களுக்கு இன்னொரு கேடும் உண்டு: சாய்வை எதிர்க்கும் பாரம் பின் ஆக்ஸிலின்மேல் விழுவதால், பின்பகுதி பிடிப்பிழந்து வெளியே வீசும் சுபாவம் கூடுகிறது. வழுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவியான இ.எஸ்.பி. காப்பாற்றும் என்பார்கள். பார் பூட்டிய வண்டியை வைத்துக் கணக்கிட்ட அந்தக் கருவி, சக்கரத்துக்கு பிரேக் போடலாமே தவிர, உடலின் சாய்வைத் தாங்கிப் பிடிக்க அதனால் இயலாது.

1997-இல் ஸ்வீடனில் இப்படி இருபுறமும் ஒடித்துப் பார்த்த சோதனையில், மெர்சிடிஸ் நிறுவனத்தின் ஏ-கிளாஸ் என்ற சிறிய கார் கவிழ்ந்தது. அந்த நிறுவனம் விற்பனையை நிறுத்திவைத்து, சஸ்பென்ஷனைத் திருத்தி, இ.எஸ்.பி.யையும் எல்லாக் கார்களிலும் சேர்த்த பிறகே மீண்டும் விற்றது. எல்லா உறுப்பும் பூட்டியபடியே ஓடிய ஒரு காருக்கு அந்த கதி. உயரம் கூட்டி, கூரைமேல் கேரியர் வைத்து, அதில் கூடாரமும் தண்ணீர்க் கேனும் ஏற்றி, ஐந்து பேர் அமர்ந்து வரும் ஜீப்பை, பாரும் இல்லாமல் நெடுஞ்சாலையில் விரட்டுகிறவர் எந்தத் தைரியத்தில் விரட்டுகிறார்? எந்த வண்டிக்குப் பார் மிக அவசியமோ அந்த வண்டியிலிருந்தே முதலில் கழற்றுகிறார்கள் என்பது எனக்குத் தாளாத துயரம்.

இறங்கி வந்ததும் பூட்டிக்கொள்ளலாமே என்று கேட்டால், பூட்டுகிறோம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். மலையடிவாரத்தில் நின்று பார்த்தால் நடப்பது வேறு. லிங்க் மீண்டும் துளையில் சேர, வண்டி சமதளத்தில், சக்கரங்கள் நேராக நிற்க வேண்டும். சாலையோரச் சரிவில் நிறுத்தினால் போல்ட் துளைக்கு ஒரு விரற்கடை தள்ளியே நிற்கும். சேறு அப்பிய நட்டு ஸ்பேனரில் வழுக்கும்; உள்ளே பந்துமூட்டும் சேர்ந்து சுழலும்; பொழுதும் சாய்ந்திருக்கும். பாரின் நுனியைக் கட்டுக்கம்பியால் சேஸிஸோடு இறுக்கிவிட்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடுகிறார்கள். அந்தக் கம்பி வழியில் தளர்ந்தால், பாரின் நுனி தொங்கி டயரையோ பிரேக் ஹோஸையோ உரசும். நாளை என்ற அந்த நாள் பெரும்பாலும் வருவதில்லை. சில வாரங்களில் பாரே பரணுக்குப் போய்விடுகிறது.

ஜீப் நிறுவனமே தன் ராங்ளர் ரூபிகானில் பாரை விடுவிக்கப் பொத்தான் வைத்திருக்கிறதே என்று நண்பர் கேட்டார். அந்தப் பொத்தான் என் கட்சிக்கே சாட்சி சொல்கிறது. முன்புறப் பாரை மட்டுமே அது விடுவிக்கும். நான்கு சக்கர இயக்கத்தில் இருந்தாலொழிய வேலை செய்யாது. வேகம் சுமார் 29 கி.மீ.யைத் தாண்டியதும் பாரைத் தானாகவே இணைத்துக்கொள்ள முற்படும். கழற்றிய பாரோடு எந்த வேகம் வரை போகலாம் என்று அதைச் செய்தவர்களே நிர்ணயித்துவிட்டார்கள். அக்காலத்து மகிந்திரா ஜீப்புகளைப் பெரியவர்கள் பார் இல்லாமலே ஓட்டவில்லையா என்பது அடுத்த வாதம். அவை இறுக்கமான பட்டைவில்லின்மேல் நின்றவை. இன்றைய வேகம் அவற்றுக்கு எட்டாதது. பாரைக் கழற்றிவிட்டதால் சுருள்வில் வண்டி அந்தக் காலத்து ஜீப் ஆகிவிடாது.

தம் உயிர், தம் வண்டி, தம் இஷ்டம் என்று சிலர் இந்த விவாதத்தை முடித்துவிடப் பார்க்கிறார்கள். சாலை ஒருவர் சொத்தாக இருந்தால் அதையும் ஏற்றுக்கொள்ளலாம். செங்கம் சாலையின் ஒரு பகுதியே கிரிவலப் பாதையாகவும் இருக்கிறது. பௌர்ணமிக்கு மட்டுமின்றி, எந்நாளும் எந்நேரமும் அந்த 14 கி.மீ. பாதையில் ஆணும் பெண்ணும் வெறுங்காலோடு நடந்துகொண்டிருக்கிறார்கள். வண்டி புரண்டால் அது யார்மேல் புரளும் என்பதை ஓட்டுகிறவர் தீர்மானிக்க முடியாது. நடந்துபோகிறவரிடம் யாரும் சம்மதம் கேட்கவும் இல்லை.

பட்டறைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாரை நிரந்தரமாக எடுத்துவிடச் சொல்லி வருகிறவருக்கு அந்த வேலையைச் செய்யாதீர்கள். முழு ஆக்ஸில் வண்டி வைத்திருப்பவர் பிடிவாதமாக நின்றால், பின்னைச் செருகி எளிதில் கழற்றிப் பூட்டக்கூடிய லிங்குகளைப் பொருத்திக் கொடுங்கள். மலைக்குப் போகிறவர்கள் தடம் தொடங்குமிடத்தில் கழற்றி, தடம் முடியுமிடத்தில் சமதளம் தேடி நிறுத்தி, பூட்டிய பிறகே சாலையில் ஏறுங்கள். அதற்குப் பொழுதோ பொறுமையோ இல்லாத நாளில் கழற்றவே கழற்றாதீர்கள்.